உறைப்பு காணும்

நிமலினிக்கு விளங்காமல் கிடந்த சங்கதி இதுதான். கடையில் ருசி பார்க்கத் தரும் ஒரு கரண்டிக் குழம்பு அவளுடைய நாக்குக்கென்றே அளந்து செய்தது போல இருக்கும். அவளும் அதை வாய் திறந்து சொல்லிவிடுவாள். சற்று நேரத்தில் அதே குழம்பு பீங்கான் தட்டு நிறைய வரும். முதல் வாயிலேயே காது இரண்டும் அடைத்துப்போகும் அளவுக்கு உறைக்கும். ஒரு கடையில் மட்டும் நடந்திருந்தால் சமைக்கிறவர் கவனமில்லாதவர் என்று விட்டிருப்பாள். கொரியாக் கடையில் நடந்தது. அடுத்த சனிக்கிழமை இத்தாலிக் கடையிலும் நடந்தது.

அவள் தெல்லிப்பழை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கிறவள். ஒரே குழாயில் எடுத்த இரத்தம் காலையில் ஒரு விடையும் மத்தியானம் வேறு விடையும் தந்தால், பிழை நோயாளியில் இல்லை, இடையில் எங்கோ இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். கரண்டிக்கும் பீங்கானுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

இது பொழுதுபோகாமல் விடுப்புப் பார்க்கிற, வேடிக்கை விசாரிக்கிற விஷயம் அல்ல. அவளுடைய அன்றாடச் சாப்பாடு இதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நிமலினி வளர்ந்த வீட்டில், தெல்லிப்பழையில், கறி மஞ்சள் நிறமாக இருக்கும். மிஷன் பள்ளிக்கூட விடுதிச் சாப்பாட்டில் வளர்ந்த தாய் தகப்பனுக்கு அதுவே பழக்கம். கலியாணம் முடித்து வந்த வீடு குருநகரில். அங்கே கறி சிவப்பு. புருசன் ஜஸ்ரின் படகு எஞ்சின் திருத்துகிறவன். அவனுடைய தாய் அருமைநாயகியின் குசினியில் எல்லாருக்கும் ஒரே சட்டி. ஆளுக்கொரு சட்டி வைப்பதற்கு இது என்ன ஆஸ்பத்திரியா என்பது அவரின் கேள்வி. அதனால் நிமலினி கறியைத் தண்ணீரில் கழுவிச் சாப்பிடுவாள், அல்லது சோற்றையும் தயிரையும் பிசைந்துகொண்டு எழும்பிவிடுவாள். கணவாய் மீன் கறியைக் கழுவுகிற மருமகள் என்று சொந்தக்காரர் மத்தியில் அவளுக்கு ஒரு பெயரும் கிடைத்திருந்தது.

ஒருநாள் பேச்சு முற்றியது.

"உனக்கு உறைப்பில்லைப் பிள்ளை பிரச்சினை," என்றார் அருமைநாயகி. "உனக்குச் சாப்பாடே பிடிக்காது. நீ ஒரு பீங்கானை வழிச்சுச் சாப்பிட்டதை நான் இந்தக் கண்ணாலை கண்டதில்லை."

"உறைப்பில்லாட்டி வழிச்சுச் சாப்பிடுவன், மாமி."

"எங்கை, சாப்பிட்டுக் காட்டு பாப்பம்."

அப்படித்தான் பந்தயம் உண்டானது. டிசம்பரில் வரும் நத்தார்ப் பண்டிகைக்கு முன் ஏதாவது ஒரு கடையில், மாமியின் கண் முன்னால், நிமலினி ஒரு பீங்கான் சாப்பாட்டை மிச்சம் விடாமல் சாப்பிட வேண்டும். தண்ணீர் குடிக்கக்கூடாது, கழுவக்கூடாது. சாப்பிட்டால் அன்றிலிருந்து அவளுக்கென்று ஒரு சின்னச் சட்டி. மாமியே தன் கையால் சமைப்பார். சாப்பிடாவிட்டால் அந்த வீட்டில் உறைப்பு என்ற சொல்லை அவள் வாழ்நாளில் எடுக்கக்கூடாது. ஜஸ்ரின் சாட்சி. தாய்க்கும் மனைவிக்கும் நடுவில் இருப்பதற்குச் சாட்சி என்பது நல்ல பதவி, எந்தப் பக்கமும் கதைக்கத் தேவையில்லை.

சோறு கறி விற்கும் கடைகளை நிமலினி யோசிக்கவே இல்லை. அவற்றின் சட்டியும் மாமியின் சட்டியும் ஒன்றுதான். ஆனால் யாழ்ப்பாணம் ரவுணில் இப்போது சின்னச் சின்ன வெளிநாட்டுக் கடைகள் திறந்திருக்கின்றன. நாலு மேசை, பிளாஸ்ரிக் கதிரை, சுவரில் அந்த நாட்டுப் படம் ஒன்று, கைக்கடக்கமான விலை. கொரியாக்காரனும் இத்தாலிக்காரனும் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளைக் கண்டிருக்கப் போவதில்லை என்பது அவளுடைய கணக்கு. மாமியைக் கூட்டிக்கொண்டு போக முதல், எந்தக் கடை என்று தெரிந்துகொள்ள அவளும் ஜஸ்ரினும் சனிக்கிழமைகளில் ஒத்திகைக்குப் புறப்பட்டார்கள்.

கொரியாக் கடையில் பரிமாறியவர் கனிசியஸ். நாற்பது வயது, தடித்த மீசை, தலையில் கொரியா எழுத்துப் போட்ட ஒரு கறுப்புத் துணி. குருநகர்க்காரர், ஜஸ்ரினின் தாய்க்குத் தூரத்துச் சொந்தமும்கூட. கொழுக்கட்டையை விரல் மாதிரி நீட்டி உருட்டிக் குழம்பில் போட்ட சாப்பாடு ஒன்றை அவர் சிபாரிசு செய்தார். முதலில் ஒரு கரண்டிக் குழம்பு வந்தது. இனிப்பும் புளிப்பும் கலந்து, உறைப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. உறைப்பு காணும், இதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம் என்று நிமலினி சொன்னாள். கனிசியஸ் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். வந்த பீங்கான் செங்கல் நிறத்தில் இருந்தது.

உறைப்பு என்பது உண்மையில் ஒரு சுவை அல்ல. சூடான தேத்தண்ணீர் நாக்கைச் சுடும்போது எந்த நரம்பு அலறுகிறதோ, மிளகாயும் அதே நரம்பைத்தான் பிடித்து உலுப்புகிறது. மிளகாயில் உள்ள அந்தப் பொருள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். அதனால் தண்ணீர் குடித்தால் வாயின் மற்ற மூலைகளுக்கும் பரவுமே தவிரப் போகாது; தயிர் சாப்பிட்டால் கழுவிக்கொண்டு இறங்கும். இது தெரிந்ததால் நிமலினியின் கைப்பையில் எப்போதும் ஒரு சின்னத் தயிர்ப் பெட்டி இருக்கும். அன்று அதை முடித்தாள். அவளுடைய பீங்கானை ஜஸ்ரின் முடித்தான். தன்னுடையதையும் முடித்தான்.

இத்தாலிக் கடையில் அவள் இன்னும் கவனமாக இருந்தாள். பரிசோதனையில் ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தைத்தான் மாற்ற வேண்டும். நாட்டை மாற்றியாயிற்று, ஆகவே சொல்லை மாற்றவில்லை, கொஞ்சம் அழுத்தி மட்டும் சொன்னாள். காணும், நல்லாக் காணும். பரிமாறிய பெண் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொண்டே போனாள். தக்காளிக் குழம்பு ஊற்றிய பாஸ்ரா வந்தது. கொரியா பரவாயில்லை என்று நினைக்க வைத்தது.

இப்போது நிமலினிக்குச் சந்தேகம் வந்தது, அதுவும் இரண்டு பேரில். முதலாவது ஜஸ்ரின். அவள் சாப்பிடாமல் விடுவதெல்லாம் அவன் வயிற்றுக்குத்தான் போகிறது, ஆகவே லாபம் அவனுக்கு. கடைக்காரருக்குக் கண்ணைக் காட்டுகிறானோ? அடுத்தது மாமி. குருநகரில் அவருக்குச் சொந்தமில்லாத ஆள் இல்லை. கனிசியசுக்கு ஒரு போன் எடுத்தால் போதாதா? ஜஸ்ரினிடம் கேட்டாள். தான் கண்ணைக் காட்டவில்லை என்று மாதாவின் பேரில் சத்தியம் செய்தான். தாயைப் பற்றி மட்டும் சத்தியம் செய்ய மறுத்துவிட்டான்.

நத்தார் நெருங்கியது. இனி ஒத்திகைக்கு நேரமில்லை. ஒரே வழி, மாமியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜஸ்ரினை வாய் திறக்க விடாமல், மூன்றாவது கடைக்குப் போவது. தாய்லாந்துக் கடையைத் தெரிவு செய்தாள். தேங்காய்ப்பாலில் வைக்கும் பச்சைக் கறி அங்கே இருக்கிறது. தேங்காய்ப்பாலில் கொழுப்பு உண்டு, கொழுப்பு காப்பாற்றும்.

அருமைநாயகி கோவிலுக்கு உடுத்தும் சேலையில் வந்தார். பின்வீதியிலிருந்து ஒடுங்கிய படி ஏறி மேல்மாடிக்குப் போக வேண்டும். உட்கார்ந்ததும் சுவரிலிருந்த யானைப் படத்தைப் பார்த்து, இது மடு மாதா கோவிலுக்குப் போகிற காட்டு வழி மாதிரிக் கிடக்கு என்றார். தனக்கும் அதே பச்சைக் கறி சொன்னார். ருசி பார்க்கும் கரண்டி இரண்டு பேருக்கும் வந்தது. அருமைநாயகி உறைப்பு காணாது என்றார், நிமலினி காணும் என்றாள். இரண்டும் தெளிவாகச் சொல்லப்பட்டன. சாட்சி வாய் திறக்கவில்லை. அவனை நிமலினி கை கழுவ அனுப்பிவிட்டாள்.

கை கழுவப் போனவன் வரவில்லை. போனது உள்பக்கக் கதவால். கடைசியில் வந்து சேர்ந்தது வெளியே வீதிப் படியால், மூச்சு வாங்கிக்கொண்டு.

"எங்கை போனனீங்கள்?" என்றாள் நிமலினி.

"கொரியாவுக்கு."

"பாஸ்போட் இல்லாமலோ?" என்றார் அருமைநாயகி.

நடந்தது என்னவென்றால், கை கழுவும் இடம் கீழே இருந்தது. கழுவிவிட்டு வந்த கதவை மறந்து வேறு கதவைத் தள்ளியிருக்கிறான். திறந்தால் கனிசியஸ் கறுப்புத் துணியோடு நிற்கிறார், சுவரில் சியோல் படம். எப்ப வந்தனி தம்பி என்று அவர் கேட்க, பதில் சொல்லத் தெரியாமல் முன் வாசலால் வெளியே வந்து, வீதியைச் சுற்றி நடந்து, வழியில் இத்தாலியையும் கண்டுகொண்டு, திரும்பத் தாய்லாந்துக்கு ஏறியிருக்கிறான்.

கட்டடம் மூன்று வீதிகளுக்கு நடுவில் முக்கோணமாக நின்றது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பெயர்ப்பலகை, ஒவ்வொரு நாடு. மோட்டார் சைக்கிளில் வேறு வேறு வழியால் வந்ததால் நிமலினிக்கு இது பிடிபடவில்லை. மூன்றுக்கும் முதலாளி ஒருவர், பெயர் சுபாஸ். மூன்றுக்கும் நடுவில் ஒரு குசினி. யோசித்துப் பார்த்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த நாட்டுக் குழம்பும் வெங்காயத்திலும் வெள்ளுள்ளியிலும்தான் தொடங்குகிறது; சுன்னாகச் சந்தையில் ஒரு மூட்டையாக வாங்கி ஒரு இடத்தில் உரித்தால் லாபம்தானே.

நிமலினி எழும்பினாள். இடையில் இருக்கும் பிழையைக் காண வேண்டுமென்றால் இடைக்குத்தான் போக வேண்டும். உள்பக்கக் கதவால் இறங்கிக் குசினிக்குள் போய் ஒரு மூலையில் நின்றாள்.

மூன்று சுவரில் மூன்று சின்ன யன்னல்கள், நாட்டுக்கு ஒன்று. நடுவில் பெரிய அடுப்பு. மேலே புகை இழுக்கும் விசிறி ஒன்று படகு எஞ்சின் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அடுப்படியில் தலையில் துவாய் கட்டிய ஒரு மெல்லிய மனிதர். பெயர் தணிகாசலம், சென்னையில் வியாசர்பாடிக்காரர், வந்து சில மாதம். காலையிலேயே ஒவ்வொரு நாட்டுக்கும் உறைப்புக் குறைந்த குழம்பு ஒரு பெரிய சட்டியில் வைத்துவிடுவார். ருசி பார்க்கும் கரண்டி அந்தச் சட்டியில் இருந்துதான் போகும். பிறகு யன்னலில் வரும் சொல்லைக் கேட்டு, அரைத்த மிளகாய்க் குழம்பைக் கூட்டி, பீங்கானை அனுப்புவார். இரைச்சலில் நீளமாகக் கதைத்தால் கேட்காது. ஆகவே சாப்பிடுகிறவர் என்னதான் விளக்கம் சொன்னாலும், பரிமாறுகிறவர்கள் மேசை இலக்கத்தையும் ஒன்றிரண்டு சொல்லையும்தான் உள்ளே எறிவார்கள்.

கொரியா யன்னலில் கனிசியசின் மீசை தெரிந்தது. ரெண்டாம் மேசை, உறைப்பு காணும் என்று சத்தம் வைத்தார். தணிகாசலம் தலையாட்டினார். மிளகாய்ச் சாடிக்குள் கரண்டியை விட்டு, நிறைய அள்ளி, அடுப்பிலிருந்த தாச்சிச் சட்டியில் கொட்டினார்.

நிமலினி பக்கத்தில் போனாள்.

"அண்ணை, அவை காணும் எண்டெல்லோ சொன்னவை?"

"ஆமாம்மா."

"பிறகேன் போட்டனீங்கள்?"

"காணும்னு சொன்னா போடாம எப்படிம்மா?"

"காணும் எண்டால் காணும்தானே."

"அதத்தாம்மா நானும் சொல்றேன். காணும்."

இரண்டு பேரும் மிகப் பொறுமையாகத்தான் கதைத்தார்கள். மற்றவருக்குக் கொஞ்சம் விளக்கம் குறைவு என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். தணிகாசலம் அடுத்த தாச்சிக்குத் திரும்பிக் கையை நீட்டினார். கை வெறுமையாக நின்றது. சாடியைப் பார்த்தார், மேசைக்குக் கீழே பார்த்தார்.

"இப்பதான் இங்க வச்சேன். கரண்டியக் காணும்."

கரண்டி அருமைநாயகியின் கையில் இருந்தது. மருமகள் என்ன தில்லுமுல்லு செய்யப் போகிறாள் என்று பின்னாலேயே இறங்கி வந்தவர், சாடியிலிருந்த மிளகாய்க் குழம்பை நக்கிப் பார்த்து, கடையில் உருப்படியான சாமான் இது ஒன்றுதான் என்று தீர்மானித்துக்கொண்டிருந்தார். நிமலினி அந்தக் கரண்டியைப் பார்த்தாள், தணிகாசலத்தைப் பார்த்தாள்.

"அண்ணை, கரண்டி காணும் எண்டால் என்ன?"

"இல்லன்னு அர்த்தம்மா. காணாமப் போச்சு."

"அப்ப உறைப்பு காணும் எண்டால்?"

"உறைப்பு இல்லன்னு…" தணிகாசலம் மிளகாய்ச் சாடியைத் திரும்பிப் பார்த்தார்.

யாழ்ப்பாணத்தில் ஒன்று காணும் என்றால் அது போதுமான அளவு இருக்கிறது. வியாசர்பாடியில் ஒன்றைக் காணும் என்றால் அது அங்கே இல்லவே இல்லை. உறைப்பு காணாது என்று சொன்னாலும் தணிகாசலத்துக்கு அதே கதைதான்: கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே போடு. இந்த ஊரில் யார் எதைச் சொன்னாலும் அவருக்கு உறைப்பு இல்லை என்றே கேட்டிருக்கிறது. நல்லாக் காணும் என்றால் சுத்தமாக இல்லை. வந்த மாதத்திலேயே மனைவிக்குப் போன் எடுத்து, இங்கே சின்னப் பிள்ளைகளுக்குக்கூடக் காரம் பற்றவில்லையாம் என்று ஆச்சரியப்பட்டாராம்.

யாரும் அவரைத் திருத்தாததற்கும் காரணம் உண்டு. உறைப்பு என்ற சொல் அவருக்குப் புதிது, அதனால் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டார். காணும் அவருக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த சொல். தெரிந்த சொல்லுக்கு யார் அர்த்தம் கேட்பார்? சாப்பிட வந்தவர்களோ, வெளிநாட்டுச் சாப்பாடு இப்படித்தான் இருக்கும் போல என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கொரியாவைப் பற்றி யாழ்ப்பாணத்தில் பலருக்கு இன்றைக்கும் பிழையான எண்ணம் இருப்பது இதனால்தான்.

கனிசியசை அழைத்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மீசையைத் தடவி, இதென்ன பெரிய வேலை, வேண்டாமென்றால் போதும் என்கிறேன், வேண்டுமென்றால் போடு என்கிறேன், இரண்டும் இரண்டு ஊருக்கும் விளங்கும் என்றார். எல்லாருக்கும் சரியாகப் பட்டது. தாய்லாந்து யன்னலுக்கும் அன்று அவரே பொறுப்பெடுத்தார். மாமியும் மருமகளும் மேலே போய் உட்கார்ந்தார்கள். கீழே கனிசியஸ், ஒரு பீங்கானுக்குப் போடு, ஒரு பீங்கானுக்குப் போதும் என்று சத்தம் வைப்பது மேல்மாடி வரை கேட்டது.

இரண்டு பீங்கான் வந்தன. நிமலினி நம்பிக்கையோடு ஒரு வாய் அள்ளி வைத்தாள். கண் நிறைந்தது. இருமலை அடக்கிக்கொண்டு அடுத்த வாய் எடுக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஜஸ்ரின் எட்டி ஒரு கரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு, முதல் தடவையாகச் சாட்சி சொன்னான்: உறைப்பு.

அருமைநாயகி தன் பீங்கானைச் சந்தோசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மருமகளுடையதிலும் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான். பந்தயம் முடிந்தது என்று சொல்ல அவருக்கு முழு உரிமையும் இருந்தது. நிமலினி அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு, கையைப் பீங்கானிலிருந்து எடுக்காமல் இருந்தாள். இனி வரும் நத்தாருக்கெல்லாம் கழுவின கணவாய்தான் என்று மனதில் ஓடியது.

"கடைக்காரன்ரை செவிட்டுக்கு உன்னை மறியல் வீட்டிலை அடைக்கேலாது," என்றார் அருமைநாயகி கடைசியில். "போ, போய்ச் சரியாச் சொல்லிப் போட்டு வா. ஒருக்காத்தான்."

நிமலினி திரும்பவும் குசினிக்குப் போனாள். இந்த முறை கதைக்கவில்லை. விசிறிக்குக் கீழே தணிகாசலம் நிற்கும் இடத்தில் தான் நின்றுகொண்டு, கனிசியசை யன்னலில் நின்று சொல்லச் சொன்னாள். போதும். போடு. போடு. போதும். அவளுக்குக் கேட்டது எல்லாம் போ, போ, போ, போ. சொல்லின் வால் விசிறியோடு போய்விடுகிறது, தலை மட்டும்தான் உள்ளே வருகிறது. காணும், காணாது என்ற இரண்டுக்கும்கூடத் தலை ஒன்றுதான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தட்டுப்பட்டது. தலை வேறு வேறான இரண்டு சொற்கள் வேண்டும், அவை வியாசர்பாடிக்கும் குருநகருக்கும் ஒரே அர்த்தத்தில் இருக்கவும் வேண்டும். போதும் இருக்கட்டும், போடுவை விடுவோம் என்றாள். அதற்குப் பதிலாக இன்னொரு சொல்லைக் கொடுத்து, கனிசியசை மாற்றி மாற்றிக் கத்தவைத்து, ஒவ்வொரு முறையும் தணிகாசலம் கையைக் காட்டச் செய்தாள். ஒருதரமும் பிழைக்கவில்லை.

புதுப் பீங்கான் பச்சையாகவே வந்தது. தேங்காய்ப்பால் மணமும் ஏதோ இலையின் மணமும் இருந்தன. உறைப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நிமலினி தலை நிமிராமல் சாப்பிட்டாள். குழம்பை விரலால் வழித்தாள். கைப்பையிலிருந்த தயிர்ப் பெட்டி திறக்கப்படவில்லை. ஜஸ்ரின் மிச்சத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகு தனக்கென்று ஒன்று சொன்னான்.

அருமைநாயகி வெறும் பீங்கானைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் சாப்பிடுறாய்," என்றார். "நாளைக்குச் சந்தைக்குப் போகேக்கை சட்டி வாங்கிறன். சின்னதாத்தான் வாங்குவன். பிறகு காணாது எண்டு சொல்லக்கூடாது."

அந்தக் கட்டடத்தின் மூன்று யன்னல்களிலும் இப்போது இரண்டு சொற்கள்தான் நடக்கின்றன. சாப்பிடுகிறவர் எப்படிச் சொன்னாலும் சரி, உறைப்புக் கூட்ட வேண்டாமென்றால் பரிமாறுகிறவர் "போதும்" என்கிறார். தணிகாசலம் மிளகாய்ச் சாடியைத் தொடுவதில்லை. கூட்ட வேண்டுமென்றால் "இன்னும்" என்கிறார். தணிகாசலம் ஒரு கரண்டி போடுகிறார்.